அத்தை காதுக்குப் போன மீட்டிங்

எங்கள் வீட்டில் நான் இருக்கிறேனா இல்லையா என்பதை ஹெட்செட்தான் முடிவு செய்யும். காதில் மாட்டியிருந்தால் இல்லை. கழற்றிவிட்டால் இருக்கிறேன்.

மாட்டியிருக்கும்போது அம்மா ஒரு வார்த்தை பேச மாட்டாள். கதவை ஒரு சாண் திறந்து, விரல்களைக் குவித்து வாய்ப்பக்கம் கொண்டுபோனால் சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். கட்டை விரலை உதட்டில் சாய்த்தால் காப்பி. நானும் கையாலேயே பதில் சொல்வேன். கழற்றி மேசையில் வைத்த மறுநொடி, "ஏட்டி, கேஸுக்குச் சொல்லு", "ஏட்டி, மாடியில துணி கெடக்கு பாரு", "ஏட்டி, மாமா நம்பர எங்க வச்ச" என்று அடக்கிவைத்ததெல்லாம் வரிசையாக வரும். அதனாலேயே வேலை முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் அதைக் கழற்றுவதில்லை. ஒரு சத்தமும் வராத ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அந்த நேரம் மட்டும் என்னுடையது. ஆனால் அதை அனுபவிக்கவும் அந்த அறைக்குள்ளேயே கிடந்தாக வேண்டும்.

கல்லூரியிலிருந்தே என்னைத் தேர்ந்தெடுத்த கம்பெனி அது. அலுவலகம் சென்னையில். நான் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. வேலையில் சேர்ந்த நாளில் நான் எங்கேயும் போய்ச் சேரவில்லை. கூரியர்காரர் லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார், அவ்வளவுதான். கோவில்பட்டி முடிந்து மக்காச்சோளம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அம்மா எல்லோரிடமும் சொல்வாள்: "எம்மவ வெயில்ல அலையல, பஸ்ல தொங்கல. வீட்டுல இருந்தே வேல பாக்கா." கேட்டவர்கள் எல்லாம் என்னை ஆச்சரியமாகப் பார்ப்பார்கள். மின்விசிறிச் சத்தம் மைக்கில் விழுகிறதென்று அதை அணைத்துவிட்டு, வைகாசி மாதத்தில் வியர்த்துக்கொண்டு பேசுகிறேன் என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது.

அந்த ஹெட்செட்டை நான்தான் ஆசை ஆசையாக வாங்கினேன். முதல் சம்பளத்தில். அலுவலக லேப்டாப் ஒன்று, வாடிக்கையாளர் தரப்பிலிருந்து அனுப்பிய லேப்டாப் ஒன்று, கல்லூரிக் காலத்து என்னுடைய கம்ப்யூட்டர், என் போன். ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் என்றால் மேசை கயிற்றுக்கடை மாதிரி ஆகிவிடும். இது வயரில்லாதது. ஒரே ஹெட்செட், எல்லாவற்றோடும் பேசும் என்று பெட்டியில் போட்டிருந்தது. எனக்கு அது போதும். எதையும் எதோடும் இணைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. டிவியோடு இணைத்தேன். பக்கத்து வீட்டு அண்ணாச்சி வண்டியில் வைத்திருந்த ஸ்பீக்கருக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று பார்த்தேன். கடைசியில் அப்பாவின் போனையும் இணைத்துவைத்தேன். அவருக்கு ஓய்வு நேரங்களில் பிரசங்கம் கேட்கப் பிடிக்கும்.

பெட்டியில் சொல்லாத ஒன்றைப் போகப் போகத்தான் கண்டுபிடித்தேன். அந்த ஹெட்செட் எத்தனை பேரை வேண்டுமானாலும் நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் ஒரு நேரத்தில் இரண்டு பேரோடுதான் சேர்ந்திருக்கும். அந்த இரண்டு பேரிலும் போன் அழைப்புக்குத்தான் முதல் மரியாதை. லேப்டாப்பில் உலகமே பேசிக்கொண்டிருக்கட்டும், போன் அடித்து எடுத்துவிட்டால் காதும் மைக்கும் போனுக்குப் போய்விடும். அப்பா சோளக்காட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, ஹெட்செட்டுக்குள் இருக்கும் அந்தப் பெண்குரல், "கனெக்டெட்" என்று சொல்லும். அம்மாவுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும், அப்பா வந்தாச்சு. ஒருமுறை காலைக் கூட்டத்தில் எங்கள் குழு முழுவதும் இருக்கும்போது, "மனந்திரும்புங்கள்!" என்று ஒரு போதகர் என் காதுக்குள் கர்ஜித்தார். நான் நாற்காலியிலிருந்து குதித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அப்பா வெளியே போனை உலுக்கிக்கொண்டு, "படம் ஓடுது, சத்தம் வரலயேட்டி" என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஹெட்செட்டின் நினைவிலிருந்து அழித்துவிட்டேன், அப்பாவின் போனை. அவர் நான் சொல்லிக் கொடுத்ததை மறக்காமல், ஞாயிற்றுக்கிழமை தானே மறுபடியும் இணைத்துக்கொண்டார்.

இந்த நிலையில்தான் அந்த மடல் வந்தது. சென்னை அலுவலகத்தில் எங்கள் குழுவுக்கு ஓர் இருக்கை காலியாகிறது, வர விருப்பமுள்ளவர்கள் சொல்லலாம். நானும் இன்னொருவரும் விருப்பம் தெரிவித்தோம். ஆளுக்குத் தனியாகப் பேசிவிட்டு முடிவு செய்கிறேன் என்று எங்கள் மேலாளர், சென்னைக்காரப் பெண்மணி, நேரம் குறித்தார்.

வீட்டில் நான் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கை கிடைத்ததும், "ஆபீஸ்ல கட்டாயம் வரச் சொல்லிட்டாங்க" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொல்வதாகத் திட்டம். விருப்பத்தோடு போகிறவளுக்கு எங்கள் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். வேறு வழியில்லாமல் போகிறவளுக்குப் பலகாரம் செய்து கொடுப்பார்கள்.

மேலாளரிடம் என்ன பேச வேண்டும் என்பதைக் குளிக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிப் பார்த்தேன். வளர்ச்சி, கற்றல், குழுவோடு சேர்ந்து இயங்குதல் என்றெல்லாம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. பேசத் தொடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே அது ஒடிந்துபோனது.

"வளர்ச்சியெல்லாம் இருக்கட்டும். வீட்ல இருந்தே நல்லாத்தானே பண்றீங்க. உண்மையிலேயே ஏன் வரணும்னு நினைக்கிறீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

நான் வாயைத் திறக்கும் முன், "ஒரு நிமிஷம், கதவைத் தட்டறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். திரையில் அவர் பெயரின் முதல் எழுத்து மட்டும் வட்டத்துக்குள் நின்றது.

காதில் "கனெக்டெட்" என்றது. மத்தியானச் சாப்பாட்டு நேரம். அப்பா வந்து சட்டையை என் அறைக்கு வெளியே ஆணியில் மாட்டிவிட்டுக் கால் கழுவப் பின்பக்கம் போயிருக்கிறார். சட்டைப்பையில் போன். இதையெல்லாம் பின்னால்தான் சேர்த்துப் பார்த்தேன். அப்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்த வேகத்தில், அந்தக் குரல் காதில் விழுந்தும் மனதில் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் காதுக்குள் மணி அடித்தது. மேலாளரின் இணைப்பு அறுந்து மறுபடி கூப்பிடுகிறார் என்று நினைத்து ஹெட்செட் பொத்தானை அமுக்கினேன்.

"ம்" என்றது ஒரு பெண்குரல்.

அது அப்பாவின் அக்கா. எப்போதும்வென்றான் என்கிற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அத்தைக்குப் போனில் "ஹலோ" சொல்லும் வழக்கமே கிடையாது. கூப்பிட்டது அவளாக இருந்தாலும் எடுத்தவர்தான் பேச வேண்டும், அவள் உம் கொட்டுவாள். அப்பா உளுந்து காய்ந்த கதையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரை ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார். கடைசியில் "சரி, வைக்கேன்" என்பாள்.

எனக்கோ அது மேலாளரின் "ம்". சொல்லு என்கிற "ம்". வெட்கமான விஷயங்களை என்னால் கண்ணை மூடிக்கொண்டுதான் பேச முடியும். மூடிக்கொண்டேன்.

"இந்த வீட்டுல மூச்சு முட்டுது" என்று ஆரம்பித்தேன். "யாரும் திட்டல, அடிக்கல. ஒரு குறையும் வைக்கல. தண்ணி முதற்கொண்டு ரூமுக்கே வருது. அதான் கஷ்டம். குறை இருந்தா சண்டை போடலாம். கதவைச் சாத்தியிருந்தா வேலை பாக்கேன்னு நிம்மதியா இருக்காங்க. திறந்தா, என்ன ஆச்சுன்னு ரெண்டு பேரும் ஓடி வாராங்க. கடைக்குப் போறேன்னு சொன்னா, எதுக்கு, அப்பா வாங்கிட்டு வருவாவன்னு சொல்லுதாங்க. நான் வேலைக்குப் போற பொண்ணுன்னு ஊரெல்லாம் பேர். நான் எங்க போறேன்? படுக்கிற கட்டில்ல இருந்து நாற்காலிக்குப் போறேன்."

"ம்" என்றது காது. இந்தமுறை கொஞ்சம் இறங்கிய குரலில். அவருக்குப் புரிகிறது என்று எனக்கு உற்சாகம் ஏறியது. சென்னை ஆபீஸுக்கு வந்துவிட்டால் போதும், ஓர் அறையில் மூன்று கட்டில் போட்ட விடுதியானாலும் பரவாயில்லை, நான் சாப்பிட்டேனா தூங்கினேனா என்று கேட்க ஆளில்லாத இடம் வேண்டும் என்றேன். குக்கர் விசில், ஆடு, அப்பாவின் இருமல் எல்லாவற்றுக்கும் மைக்கை அணைத்து அணைத்து, என் குரலே எனக்கு அந்நியமாகிவிட்டது என்றேன். யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொன்னேன்: சில நாள் மத்தியானம் வேலையே இல்லாவிட்டாலும் யாரிடமோ பேசுவது போல வாயசைத்துக்கொண்டு இருப்பேன், அவர்கள் உள்ளே வரக்கூடாது என்பதற்காக.

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மேலாளருக்கு ஜலதோஷம் போல.

"ஏட்டி" என்றது காது. "இதெல்லாம் ஓங்கப்பன்கிட்ட சொன்னியா?"

கண்ணைத் திறந்தேன். திரையில் மேலாளர் திரும்பி வந்து உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் எழுத்தில் வந்து கிடந்தது: 'உங்க குரல் கேக்கல. இருக்கீங்களா?' அதே நேரம் கதவு திறந்தது. ஈரக்காலோடு அப்பா, போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டே.

"ஏட்டி, இந்தப் போன் செத்துப்போச்சா? எக்கா லைன்ல இருக்கா, ஒரு சத்தமும் வரல. எக்கா! யக்கோவ்! கேக்கா?"

அத்தை காதுக்குள் சொன்னாள்: "அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. வைக்கேன்."

நெட் போய்விட்டது என்று மேலாளருக்குத் தட்டினேன். நாளை மதியம் பேசலாம், ஆனால் நாளை மாலைக்குள் பெயரைக் கொடுத்தாக வேண்டும் என்று பதில் வந்தது. நான் சாப்பிடவில்லை. அத்தை சொல்லமாட்டேன் என்றால் சொல்லமாட்டாள்தான். ஆனால் அவளுக்குத் தெரிந்த ஒன்று, சொல்லாமலே நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் காலை மகன் முதல் பஸ்ஸில் ஏற்றிவிட, அப்பா போய் இறக்கிக் கூட்டிவர, அத்தை வந்துவிட்டாள். கையில் ஒரு பை நிறைய மொச்சைக்காய். அம்மாவிடம் அதைக் கொடுத்துவிட்டு நேராக என் அறைக்குள் வந்து கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்தாள். எனக்குக் காலைக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்த்துச் சிரிப்பதையும், தலையாட்டுவதையும், மைக்கை அணைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவதையும் மத்தியானம் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை யாரோ படம் பிடிப்பது போல இருந்தது.

சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் அத்தை ஆரம்பித்தாள்.

"ஏலே தம்பி, இவள மெட்ராஸ் ஆபீஸுக்கு எடுக்கப் போறாவளாம்."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. "யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும். நீ சாப்பிடு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குழம்பைப் பார்த்தேன்.

"வீட்டுல இருந்தே சம்பளம் வருது மைனி," என்றாள் அம்மா. "எதுக்கு அங்கன போய்ச் சீரழியணும்? இவளுக்கு இங்கன என்ன கொற? காப்பித்தண்ணி வரைக்கும் ரூமுக்குக் கொண்டு குடுக்கேன்."

"அதத்தான் சொல்லுதேன். அடைக்கு வச்ச கோழிக்குத் தீனி வைக்க மாதிரி வைக்கிய. அடைக்கோழி கூட குஞ்சு பொரிச்சா எந்திச்சுப் போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை.

"பொம்பளப் பிள்ளயத் தனியா அனுப்ப முடியாதுக்கா. தெரிஞ்ச ஆள் ஒருத்தன் கெடையாது அங்க."

"தனியான்னு யாரு சொன்னா? நான் போறேன்லா கூட."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்துக்குள் விழுந்தது. அப்பா இப்போதுதான் சிரித்தார். "நீயா? தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டுல எறங்கவே ஒனக்கு ஆள் வேணும்."

"அப்ப இவ கையப் புடிச்சுக்கிட்டு எறங்குதேன்."

"ஒம்மவன் பிள்ளையள ஆரு பாப்பா?"

"பெத்தவன் பாக்கட்டும்."

அப்பா அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. சோற்றை உருட்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னார். "எக்கா கூட இருந்தாப் போகட்டும். இல்லன்னா வேண்டாம். இதுல பேச்சு கெடையாது."

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் மனதுக்குள் எத்தனையோ தடவை போய்ப் படுத்துவிட்டு வந்த விடுதிக் கட்டில், கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போகும் சாயங்காலம், எல்லாவற்றிலும் அத்தை வந்து காலை மடக்கி உட்கார்ந்துவிட்டாள். விடியும் முன் எழுந்து சத்தமாக ஜெபம் செய்வாள். யார் வந்தாலும் எந்த ஊர், என்ன ஆள் என்று விசாரிப்பாள். இந்த அறையிலிருந்து தப்பிக்கத்தானே இத்தனையும். இப்போது அறையே பெட்டி கட்டிக்கொண்டு என்னோடு ரயிலேறப் பார்க்கிறது.

கையைக் கழுவிவிட்டு உள்ளே போனேன். பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அத்த, ஒங்கள நான் கூப்பிடலையே" என்றேன். எனக்குக் கோபம். "நேத்து ஒங்களுக்குச் சொல்லல அதெல்லாம். தப்பா வந்து விழுந்தது."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் வைக்கல? ஏன் உம் கொட்டிக்கிட்டு இருந்தீங்க?"

அவள் கட்டில் விரிப்பின் சுருக்கத்தை நீவிக்கொண்டே இருந்தாள்.

"மொதல்ல ஒனக்கென்னமோன்னு பயந்துட்டேன். அப்புறம் நீ சொல்லச் சொல்ல, இவ என்னையப் பத்தி ஆருக்கிட்டயோ சொல்லுதாளேன்னு இருந்துச்சு. எம்மருமவ நல்லவதான். நேரத்துக்குச் சோறு வந்துரும். போஸ்டாபீஸுக்குப் போறேன்னு எந்திச்சா, ஒங்களுக்கெதுக்கு வீண் அலைச்சல், நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லுவா. ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போனா கொண்டுவிட ஒரு ஆள், கூட்டிட்டு வர ஒரு ஆள். எம்புருசன் செத்த அன்னைக்கு உள்ள கூட்டிட்டுப் போனாவ. அதுக்குப் பெறகு நான் தனியா எங்க போயிருக்கேன்? ஆருக்கிட்டயாவது சொன்னா, ஒனக்கென்ன கொறன்னு கேப்பாவ. கொறையே இல்லட்டி. என்னத்தச் சொல்ல?"

அது என் வாக்கியம். என் வாக்கியம் அவள் வாயில் என்னை விடப் பழகியிருந்தது. கோபம் அப்படியே இருந்தது. அதை வைக்கத்தான் இடம் தெரியவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அவள் மொச்சைப் பையை மடித்துக்கொண்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விடுவாள், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நானும் இங்கேயே இருப்பேன். அல்லது இரண்டு பேரும் போகலாம். தனியாகப் போவது என்ற ஒன்று, அப்பா சோற்றை உருட்டிய அந்த நேரத்திலேயே முடிந்துபோயிருந்தது.

மேலாளர் அழைக்கும் நேரம் வந்தது. வெளியே போய் அப்பாவின் போனை வாங்கி அணைத்தேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அத்தை கட்டிலிலேயே இருந்தாள். எழுந்து போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"நேத்து விட்ட இடத்துலேருந்து சொல்லுங்க" என்றார் மேலாளர்.

விட்ட இடம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் ஏற்கெனவே சொல்லித் தீர்ந்துவிட்டிருந்தது. இரண்டாம் தடவை அந்த வார்த்தைகள் வரவே இல்லை. "எனக்கு வீட்டை விட்டு வெளிய வேலை பாக்கணும் மேடம். வேற காரணம் இல்ல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

அவர் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "இன்னொருத்தர் வரலைன்னு காலைல சொல்லிட்டார். உங்க பேரைத்தான் போடப் போறேன். உறுதிதானே? அப்புறம் மாத்தக் கூடாது."

நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன். அவளுக்கு மேலாளர் பேசியது கேட்டிருக்காது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் வெளியே வரும்போது பார்ப்பார்களே, அப்படி.

"உறுதி மேடம்."

"சரி. பொண்ணுங்க தங்குற ஹாஸ்டல் விவரம் அனுப்பச் சொல்றேன்."

"வேண்டாம் மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. "வீடாத்தான் பாக்கணும். நாங்க ரெண்டு பேர்."

அழைப்பு முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன். வெளியே அம்மா யாருக்கோ போனில் விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அத்தை கட்டில் விளிம்புக்கு நகர்ந்து வந்தாள்.

"என்னட்டி, குடுத்துட்டாவளா?"

"குடுத்துட்டாங்க."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அறைச் சுவரை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"அந்த வீட்டுல தெருவப் பாத்தாப்புல ஜன்னல் உண்டா?"

"இன்னும் வீடே பாக்கல அத்த."

"பாக்கும்போது கேட்டுக்க" என்றாள். "எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. தனித்தனியா இருக்கணும்."